எண்ண முடிவதும் எண்ணப்படுவதும்: ஆங்கிலப் பெயர்ச்சொல் பாகுபாடு ஒன்றைப் பற்றிய ஆய்வு

1. வரையறை இடறும் இடம்

ஆங்கிலத் தேர்வுத்தாளில் பிழை திருத்தும் பகுதிக்கென்றே வாழும் சொற்கள் சில உண்டு. ஃபர்னிச்சர்ஸ், இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ், லக்கேஜஸ், எக்விப்மென்ட்ஸ். மாணவர் இவற்றின் கடைசி எழுத்தை அடித்துவிட்டால் மதிப்பெண் கிடைக்கும். ஏன் அடிக்க வேண்டும் என்று கேட்டால் எல்லா வகுப்பிலும் ஒரே பதில்தான்: இவை எண்ண இயலாப் பெயர்கள்.

இந்தப் பதிலோடு உலகம் ஒத்துப்போவதில்லை. வீடு மாற்றுகிறவர் கட்டில், பீரோ, நாற்காலி என்று எண்ணித்தான் லாரியில் ஏற்றுகிறார். ரயிலிலிருந்து இறங்கும் குடும்பத்தில் ஒருவராவது பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்காமல் நகர்வதில்லை. ஆனால் ஃபர்னிச்சரும் லக்கேஜும் எண்ண இயலாதவை என்கிறது இலக்கணம். மறுபக்கம், வானத்து நட்சத்திரங்களை எண்ணி முடித்தவர் எவரும் இல்லை. ஸ்டார் எண்ணக்கூடிய பெயர். ஐடியாவையும் ப்ராப்ளத்தையும் கையில் பிடித்துக் காட்ட முடியாது. அவையும் எண்ணக்கூடிய பெயர்களே.

இந்தியப் பள்ளிகளில் பல தலைமுறைகளாகப் புழங்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலும், அதன் வழிவந்த கையேடுகளும், எண்ண முடிகிற பொருள்களின் பெயர், எண்ண முடியாத பொருள்களின் பெயர் என்றே இப்பாகுபாட்டை விளக்குகின்றன. வரையறை பொருளைப் பற்றிப் பேசுகிறது. விதியோ சொல்லின் மேல் பாய்கிறது. ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய பெயர் ஒருமையில் தனித்து நிற்காது, முன்னால் ‘எ’ அல்லது ‘தி’ போன்ற ஒரு சொல் வேண்டும். பன்மை விகுதி ஏற்கும். எண்ணை நேரடியாகத் தாங்கும். ‘மெனி’, ‘ஃப்யூ’ என்பவற்றோடு சேரும். எண்ண இயலாப் பெயர் தனித்து நிற்கும், பன்மை ஏற்காது, ‘மச்’, ‘லிட்டில்’ என்பவற்றோடு சேரும். இந்த நடத்தைகளில் எதையும் பொருளை உற்றுப் பார்த்து மட்டும் ஊகித்துவிட முடியாது.

அப்படியானால் எண்ணக்கூடிய தன்மை எங்கே குடியிருக்கிறது? பொருளிலா, சொல்லிலா, சொல்லைப் பயன்படுத்தும் முறையிலா? மொழியியலாளர்களும் தத்துவவாதிகளும் உளவியலாளர்களும் நூறாண்டுகளாக இக்கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். அவர்கள் தந்த சான்றுகளை எடைபோட்டு இக்கட்டுரை வந்தடையும் நிலைப்பாடு இது: பாகுபாட்டின் இரு முனைகளைப் பெரும்பாலும் உலகம் தீர்மானிக்கிறது, இடைப்பட்ட பரப்பை அந்தந்த மொழியின் வரலாறும் வழக்கமும் தீர்மானிக்கின்றன. தேர்வுகள் வினா எடுப்பது அந்த இடைப்பட்ட பரப்பிலிருந்துதான். பொருளைச் சார்ந்த வரையறை மாணவரைக் கைவிடுவதும் அங்கேதான்.

2. பாகுபாடு பாடமான கதை

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கு இந்தப் பாகுபாட்டைச் சொல்லித்தர வேண்டிய தேவை இருந்ததில்லை. பழைய ஆங்கில இலக்கண நூல்கள் பெயர்களை இயற்பெயர், பொதுப்பெயர், கூட்டப்பெயர், பண்புப்பெயர் என்று பிரித்ததோடு நிறுத்திக்கொண்டன. எண்ணிக்கையை அடிப்படையாக வைத்துத் தெளிவாகக் கோடு கிழித்தவர்களுள் முதன்மையானவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ ஜெஸ்பர்சன். 1924இல் வெளிவந்த ‘இலக்கணத்தின் தத்துவம்’ என்ற நூலில், திட்டமான வடிவமோ எல்லையோ கொண்ட தனிப்பொருளை நினைவூட்டாத சொற்களுக்குத் திரள்சொல் என்று பெயரிட்டு அவர் விவாதித்தார். தண்ணீர், வெள்ளி போன்ற பருப்பொருள்கள் மட்டுமன்றி ஓய்வு, இசை போன்ற பருமையற்றவையும் இவ்வகையில் அடங்கும் என்பதையும் கண்டார். ஆங்கிலத்தை வெளியிலிருந்து கற்ற ஒருவரின் கண்ணுக்கே இது துலங்கியது என்பது தற்செயலாக இருக்க முடியாது.

பாகுபாடு அகராதிக்குள் நுழைந்தது ஜப்பானில். பெயருக்குப் பன்மை விகுதி கட்டாயமில்லாத, ‘எ’, ‘தி’ போன்ற சொற்களே இல்லாத மொழியைப் பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த ஹரால்ட் பாமரும் ஏ.எஸ். ஹார்ன்பியும், எந்தப் பெயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லுக்குச் சொல் குறித்துக் கொடுக்கவேண்டிய கட்டாயத்தை உணர்ந்தார்கள். ஹார்ன்பி இரு சகாக்களோடு சேர்ந்து தொகுத்த அகராதி 1942இல், உலகப்போரின் நடுவே, டோக்கியோவில் வெளிவந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் 1948இல் அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதிக்கு மூலம் அதுதான். பெயர்ச்சொல்லின் பக்கத்தில் ‘சி’, ‘யூ’ என்று எழுத்திட்டு எண்ணக்கூடியது, எண்ண இயலாதது என்று காட்டும் மரபு அந்த அகராதி வழியாகவே பரவியது.

அங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. அகராதிகள் இந்த எழுத்தைச் சொல்லுக்கு இடுவதில்லை. சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக இடுகின்றன. ‘பேப்பர்’ தாள் என்ற பொருளில் எண்ண இயலாதது. செய்தித்தாள், ஆய்வுக் கட்டுரை, வினாத்தாள் என்ற பொருள்களில் எண்ணக்கூடியது. இந்த நுட்பம் பள்ளிக் கையேட்டுக்கு இறங்கி வந்தபோது உதிர்ந்துவிட்டது. இரண்டு பத்திகள் கொண்ட பட்டியல் மட்டும் மிஞ்சியது.

3. உலகம்தான் காரணமா?

பொருளிலேயே எண்ணும் தன்மை இருக்கிறது என்ற வாதத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. அதற்கு வலுவான சான்று குழந்தைகளிடமிருந்து வருகிறது.

நான்சி சோஜா, சூசன் கேரி, எலிசபெத் ஸ்பெல்கி ஆகிய மூவரும் 1991இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு வயதுக் குழந்தைகள் பங்கேற்றார்கள். குழாய்களை இணைக்கும் டி வடிவ உலோகத் துண்டு போன்ற பழக்கமற்ற ஒரு திடப்பொருளைக் காட்டி, அதற்கு இல்லாத ஒரு பெயரைச் சூட்டினார்கள். பிறகு இரண்டைக் காட்டி, அந்தப் பெயர் எதற்குப் பொருந்தும் என்று கேட்டார்கள். ஒன்று, அதே வடிவில் வேறு பொருளால் ஆனது. மற்றொன்று, அதே உலோகத்தின் உடைந்த துண்டுகள். குழந்தைகள் வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். திடப்பொருளுக்குப் பதிலாகக் கைக்குப் பூசும் கிரீம், தலைமுடிக்கான ஜெல் போன்றவற்றை ஒரு வடிவில் குவித்துப் பெயர் சூட்டியபோது, வடிவத்தை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். ‘மச்’, ‘மெனி’ வேறுபாட்டை இன்னும் கற்றிராத வயது அது. இலக்கணம் கற்றுத்தருவதற்கு முன்பே தனிப்பொருள் வேறு, குழைவான பண்டம் வேறு என்ற உணர்வு குழந்தையிடம் இருக்கிறது என்பதே இதன் உட்கிடை.

அமெரிக்கத் தத்துவவாதி டபிள்யூ.வி.ஓ. குவைன் இதற்கு நேர்மாறான திசையில் யோசித்தவர். 1960இல் வெளிவந்த ‘சொல்லும் பொருளும்’ நூலில், ‘வாட்டர்’ போன்ற சொற்களுக்கு உரிய ஒரு பண்பைச் சுட்டினார்: தண்ணீரோடு தண்ணீரைச் சேர்த்தால் கிடைப்பதும் தண்ணீர்தான். ஒரு நாற்காலியோடு இன்னொன்றைச் சேர்த்தால் கிடைப்பது ஒரு நாற்காலி ஆகாது. ஆனால் வேறுபாடு சொல்லில் இருக்கிறதே தவிர, அது குறிக்கும் பருப்பொருளில் இல்லை என்றும் அவர் எச்சரித்தார். ‘ஷூ’, ‘பேர் ஆஃப் ஷூஸ்’, ‘ஃபுட்வேர்’ ஆகிய மூன்றும் உலகில் சிதறிக் கிடக்கும் அதே செருப்புத் திரளைத்தான் சுட்டுகின்றன. முதலாவது அதை ஒவ்வொன்றாக நறுக்குகிறது. இரண்டாவது இரண்டிரண்டாக நறுக்குகிறது. மூன்றாவது நறுக்காமலே விடுகிறது.

சொல்லின் இலக்கணம் எவ்வளவு வலிமையாகக் குழந்தையின் பார்வையைத் திருப்பும் என்பதை அதற்கு முன்பே ராஜர் பிரவுன் 1957இல் காட்டியிருந்தார். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு ஒரு படம் காட்டப்பட்டது. ஒரு பாத்திரம்; அதற்குள் துண்டுக் காகிதம் போல் எதுவோ; இரு கைகள் அதைப் பிசைந்துகொண்டிருக்கின்றன. ‘எ சிப்’ என்று ‘எ’ சேர்த்துச் சொன்னபோது பெரும்பாலான குழந்தைகள் பாத்திரத்தைச் சுட்டினார்கள். ‘சம் சிப்’ என்றபோது உள்ளே இருந்த பண்டத்தைச் சுட்டினார்கள். ‘சிப்பிங்’ என்றபோது பிசையும் செயலைச் சுட்டினார்கள். படம் ஒன்றே, ‘சிப்’ என்ற சொல்லுக்கு ஒரு பொருளும் கிடையாது. ஒட்டிவந்த சிறுசொல்லே எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

இவ்விரு சான்றுகளும் முரண்படுவதுபோல் தோன்றலாம். முரணை அவிழ்க்க உதவுவது முட்சுமி இமாய், டெட்ரே ஜென்ட்னர் இருவரும் 1997இல் வெளியிட்ட ஒப்பீடு. ஆங்கிலம் பேசுவோரும் ஜப்பானியம் பேசுவோரும் அதில் பங்கேற்றார்கள். தெளிவான உறுப்புகளும் பயன்பாடும் கொண்ட சிக்கலான பொருள்களில் இரு சாராரும் வடிவத்தையே பிடித்தார்கள். மெழுகை ஒரு சாதாரண வடிவில் வார்த்து எடுத்தது போன்ற எளிய பொருள்களில்தான் வழி பிரிந்தது. ஆங்கிலம் பேசுவோர் அவற்றையும் தனிப்பொருளாகவே கொண்டு வடிவத்தின் பக்கம் சாய்ந்தார்கள். ஜப்பானியம் பேசுவோரிடம் அந்தச் சாய்வு இல்லை. உலகம் தெளிவாகப் பேசும் இடத்தில் மொழி குறுக்கிடுவதில்லை. உலகம் முணுமுணுக்கும் இடத்தில் மொழி பேசத் தொடங்குகிறது.

4. தானியங்களின் வழக்கு

உலகம் முணுமுணுக்கும் இடத்துக்குத் தானியங்களைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஒரு தானியக் குவியலை ஒன்றென்றும் சொல்லலாம், ஆயிரமென்றும் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘வீட்’ ஒருமை, ‘ஓட்ஸ்’ பன்மை. ‘ரைஸ்’ ஒருமை, ‘பீன்ஸ்’ பன்மை. லெனார்ட் புளூம்ஃபீல்டு 1933இல் வெளிவந்த தம் ‘மொழி’ நூலில் கோதுமையையும் ஓட்ஸையும் அருகருகே வைத்து, இலக்கணப் பிரிவு நடைமுறை உலகின் வேறுபாட்டை அப்படியே பின்பற்றுவதில்லை என்பதற்குச் சான்றாக்கினார். அதிலிருந்து அந்த இணை, இலக்கணம் மனம்போன போக்கில் நடக்கும் என்பதற்கான உதாரணமாகவே ஒலித்துவந்தது.

போலந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய அன்னா வியர்ஸ்பிட்ஸ்கா 1980களில் இதை நேரடியாக மறுத்தார். மணி எவ்வளவு பெரியது, கண்ணுக்குத் தனித்துத் தெரிகிறதா, மக்கள் அதைத் தனித்தனியாகக் கையாள்கிறார்களா, மொத்தமாக அள்ளுகிறார்களா ஆகிய கேள்விகளைக் கேட்டால் ஒழுங்கு புலப்படும் என்பது அவர் வாதம். பட்டாணியையும் பீன்ஸையும் ஒன்றொன்றாக உரித்து எடுக்கிறோம். அரிசியையும் சர்க்கரையையும் அளந்து எடுக்கிறோம். 2004இல் எரிகா மிடில்டன், எட்வர்ட் விஸ்னியூஸ்கி முதலியோர் நடத்திய சோதனைகள் இதற்குத் துணைநின்றன. ஒரு குவியலின் துண்டுகளைத் தனித்தனியாகக் கையாளும்போது அதன் பெயரை எண்ணக்கூடியதாகக் கருதும் போக்கு கூடுகிறது என்று அவை காட்டின.

இருந்தாலும் வியர்ஸ்பிட்ஸ்காவின் ஒழுங்கு முழுமையானதன்று. நூடுல்ஸ் ஆங்கிலத்தில் பன்மை, ஸ்பகெட்டி ஒருமை. தட்டில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஸ்பகெட்டி இத்தாலிய மொழியில் பன்மைச் சொல். ஆங்கிலத்துக்குக் கடல் கடந்து வந்தபோது அதன் பன்மை விகுதி ஆங்கிலக் காதுக்கு விகுதியாகவே கேட்கவில்லை.

பட்டாணியின் வரலாறு இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலச் சொல் ‘பீஸ்’. அதுவே ஒருமை, பட்டாணித் திரளையும் அதுவே குறித்தது. இங்கிலாந்தின் பழைய உணவான ‘பீஸ் புட்டிங்’ என்பதில் அச்சொல் இன்றும் அப்படியே இருக்கிறது. சொல்லின் இறுதி ஒலியைப் பன்மை விகுதி என்று மக்கள் கருதத் தொடங்கியதால், அதைக் கழித்துவிட்டு 17ஆம் நூற்றாண்டில் ‘பீ’ என்ற புதிய ஒருமை பிறந்தது. பட்டாணி மாறவில்லை. ஓர் ஒலியைத் தவறாகப் பிரித்ததில் ஒரு பெயர் கட்சி மாறியது. மணி உருண்டையாக, தனித்தனியாகத் தெரிந்தது அந்த மாற்றத்துக்குத் தோதாக இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். வழக்கமும் உலகமும் சேர்ந்து உழைத்ததற்கு இதுவே நல்ல சான்று.

5. ஃபர்னிச்சர் என்னும் முட்டுக்கட்டை

தானியத்துக்காவது மணி சிறியது என்று சமாதானம் சொல்லலாம். ஃபர்னிச்சர், லக்கேஜ், ஜுவல்லரி, மெயில், ஃபுட்வேர் ஆகியவற்றுக்கு அந்தச் சமாதானமும் செல்லாது. தண்ணீரின் பகுதி தண்ணீராக இருக்கும். நாற்காலியின் கால் ஃபர்னிச்சர் ஆகாது. குவைனே இந்தச் சிக்கலைக் குறிப்பிட்டிருக்கிறார்.

டேவிட் பார்னரும் ஜெஸ்ஸி ஸ்னெடெக்கரும் 2005இல் இதைச் சோதித்த முறை எளிமையானது. இரண்டு கதாபாத்திரங்கள், ஒருவரிடம் பெரிய பொருள்கள் சில, மற்றவரிடம் சின்னஞ்சிறியவை பல. யாரிடம் அதிகம் என்று கேள்வி. ‘மோர்’ என்ற ஆங்கிலச் சொல் எண்ணக்கூடிய பெயரோடும் சேரும், எண்ண இயலாப் பெயரோடும் சேரும். ஆகவே கேள்வியில் துப்பு எதுவும் கிடையாது. ஷூஸ் யாரிடம் அதிகம் என்றால் பலவற்றை வைத்திருந்தவர். டூத்பேஸ்ட் யாரிடம் அதிகம் என்றால் பெரிய குவியலை வைத்திருந்தவர். ஃபர்னிச்சர் யாரிடம் அதிகம்? பெரியவர்களும் நான்கு வயதுக் குழந்தைகளும் எண்ணிக்கையையே பார்த்தார்கள். இலக்கணம் எண்ண இயலாது என்று முத்திரை குத்திய சொல்லைக் கேட்டதும் மனம் எண்ணத் தொடங்கிவிட்டது.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. ‘ஸ்டோன்’ போல இருபுறமும் நிற்கும் சொற்களில் இலக்கணம் மாறியதும் தீர்ப்பு மாறியது. ‘மோர் ஸ்டோன்ஸ்’ என்றால் எண்ணிக்கை. ‘மோர் ஸ்டோன்’ என்றால் பருமன். ஆக, பன்மை விகுதி எண்ணச் சொல்கிறது. விகுதி இல்லாமை எண்ண வேண்டாம் என்று சொல்வதில்லை. தீர்ப்பைச் சொல்லின் பொருளுக்கு விட்டுவிடுகிறது. பள்ளி இலக்கணம் இரண்டு கட்டங்களைச் சமமாகப் பிரித்து வரைகிறது. உண்மையில் ஒரு கட்டம்தான் எண்ணும் கடமையைச் சுமக்கிறது, மற்றது பொதுநிலம்.

அண்டை மொழிகளைப் பார்த்தால் ஃபர்னிச்சரின் விதி இன்னும் தற்செயலாகத் தெரிகிறது. பிரெஞ்சில் ‘மெபிள்’ எண்ணக்கூடியது; ஒன்று, இரண்டு என்று சொல்லலாம். ‘எங்ஃபோர்மசியோன்’ என்ற சொல்லையும் பிரெஞ்சுக்காரர்கள் தயங்காமல் பன்மையாக்குகிறார்கள். தலைமுடி ஆங்கிலத்தில் திரளாக ஒருமை. பிரெஞ்சிலும் இத்தாலிய மொழியிலும் பன்மை. ஆங்கிலத்துக்குள்ளேயே காலம் வழக்கை மாற்றியிருக்கிறது. இன்று ‘எவிடன்சஸ்’ என்று எழுதும் மாணவர் சிவப்பு மையைச் சந்திப்பார். வில்லியம் பேலி 1794இல் கிறித்தவச் சமயத்துக்கான சான்றுகளைத் தொகுத்து எழுதிய புகழ்பெற்ற நூலின் தலைப்பிலேயே ‘எவிடன்சஸ்’ இருக்கிறது. மறுதிசையில், ‘மெயில்’ எண்ண இயலாதது. அதிலிருந்து பிறந்த ‘ஈமெயில்’ ஓரிரு பத்தாண்டுகளில் எண்ணக்கூடியதாகிவிட்டது. பிரிட்டனில் ‘லெகோ’ எண்ண இயலாதது. அமெரிக்கக் குழந்தைகள் ‘லெகோஸ்’ என்கிறார்கள். தங்குமிடத்தைக் குறிக்கும் ‘அக்காமடேஷன்’ அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டியதும் பன்மை ஏற்றுவிடுகிறது.

6. அரைக்கும் எந்திரமும் பொட்டலம் கட்டும் எந்திரமும்

மேலே கண்டவற்றிலிருந்து, எல்லாம் சொல்லின் மேல் குத்தப்பட்ட முத்திரைதான் என்ற முடிவுக்குத் தாவிவிடலாம். அங்கேயும் தடை இருக்கிறது. தத்துவவாதி டேவிட் லூயிஸ் கற்பனையில் ஓர் எந்திரத்தைச் செய்தார். ஜெஃப்ரி பெலட்டியர் 1975இல் அதை எழுத்தில் பரப்பினார். எந்தப் பொருளைப் போட்டாலும் அரைத்துத் தள்ளும் எந்திரம் அது. ஒரு பக்கம் நாற்காலியைப் போட்டால் மறுபக்கம் தரையெங்கும் ‘சேர்’ சிதறிக் கிடக்கும் என்று ஆங்கிலத்தில் சொல்லலாம். அப்போது அது எண்ண இயலாப் பெயர். கற்பனையாகத் தோன்றினாலும் அன்றாட ஆங்கிலம் இந்த எந்திரத்தை ஓயாமல் ஓட்டுகிறது. கோழிப்பண்ணையில் ‘எ சிக்கன்’, தட்டில் ‘சிக்கன்’. கூடையில் ‘ஆன் எக்’. சட்டையில் ஒட்டியிருப்பது ‘எக்’.

எந்திரம் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஓடுவதில்லை. மாட்டையும் பன்றியையும் இதேபோல் அரைத்தால் ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். ‘பீஃப்’, ‘போர்க்’ என்று தனிச்சொற்கள் ஏற்கெனவே அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன.

எதிர்த்திசையில் ஓடுவதைப் பொட்டலம் கட்டும் எந்திரம் என்று அழைக்கும் வழக்கம் எம்மன் பாக் 1986இல் எழுதியதைத் தொடர்ந்து பரவியது. உணவகத்தில் ‘டூ காஃபீஸ்’ என்றால் இரண்டு கோப்பைகள். மதுக்கடையில் ‘த்ரீ பியர்ஸ்’ என்றால் மூன்று குவளைகள் அல்லது மூன்று வகைகள். கீத் ஆலன் 1980இல் எழுதிய கட்டுரை இதற்கெல்லாம் ஒரு சட்டகம் தந்தது. எண்ணக்கூடிய தன்மை பெயர்ச்சொல்லுக்கு உரியதன்று, பெயர்த்தொடருக்கு உரியது என்றார் அவர். ஆனால் எல்லாப் பெயர்களும் சமமாக வளைவதில்லை. பல இலக்கணச் சோதனைகளை வைத்து அவர் பெயர்களைப் படிவரிசையில் நிறுத்தியபோது ‘கார்’ உச்சியிலும் ‘எக்விப்மென்ட்’ அடியிலும் நின்றன. ‘கேட்டில்’ இடையில் நின்றது: ஐம்பது கேட்டில் என்று சொல்லலாம், ஒரு கேட்டில் என்று சொல்ல முடியாது.

7. கோடு வேறிடத்தில் விழும் மொழிகள்

ஜென்னாரோ கியர்க்கியா 1998இல், சீனம் போன்ற மொழிகளில் எல்லாப் பெயர்களும் ஆங்கிலத்தின் எண்ண இயலாப் பெயர்களைப் போன்றவையே என்று வாதிட்டார். சீனத்தில் மூன்று புத்தகம் என்று நேராகச் சொல்ல முடியாது. எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே ‘பென்’ என்ற அலகுச் சொல் வர வேண்டும். அதே ஆண்டு லிசா செங்கும் ரின்ட் சிபெஸ்மாவும் இதை மறுத்தார்கள். சீன அலகுச் சொற்களிலேயே இரண்டு வகை உண்டு: பொருளில் ஏற்கெனவே இருக்கும் தனிமையைச் சுட்டுபவை ஒரு வகை, கிண்ணம், புட்டி போல அலகைப் புதிதாக உண்டாக்குபவை மற்றொரு வகை. இரண்டும் இலக்கணத்தில் வேறு வேறாக நடந்துகொள்கின்றன. அதாவது, சீனத்திலும் பாகுபாடு உண்டு. பெயரில் இல்லாமல் அலகுச் சொல்லில் இருக்கிறது.

மறு எல்லையில் பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் பகுதியில் பேசப்படும் யுட்ஜா மொழி. சூசி லிமாவின் ஆய்வின்படி, அதில் தண்ணீர், இரத்தம் போன்றவற்றின் பெயர்களோடும் எண் நேரடியாகச் சேரும். மூன்று தண்ணீர் என்றால் மூன்று குவளையாகவும் இருக்கலாம், மூன்று சொட்டாகவும் இருக்கலாம்; எது என்பதைச் சூழல் தீர்மானிக்கும். ஆங்கிலம் உணவகத்தில் மட்டும் அனுமதிப்பதை யுட்ஜா எங்கும் அனுமதிக்கிறது.

8. தமிழ் எங்கே கோடு கிழிக்கிறது?

தமிழில் இந்தப் பாகுபாடே இல்லை, அதனால்தான் நம் மாணவர்கள் தடுமாறுகிறார்கள் என்று ஆங்கில ஆசிரியர்கள் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. தமிழில் பன்மை விகுதியைத் தீர்மானிப்பது திணை. மூன்று ஆசிரியர் வந்தார்கள் என்றால் உறுத்தும்; பத்துத் தேங்காய் வாங்கினேன் என்றால் உறுத்தாது. ‘கள்’ விகுதி இல்லாமலே ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்கும் மாடு, மரம் போன்ற பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கண மரபு தனியே பிரித்து வைத்திருக்கிறது. உயிருள்ளது, மதியுள்ளது என்பதைச் சார்ந்து பன்மை குறிக்கப்படுவது உலக மொழிகள் பலவற்றிலும் காணப்படுவதே.

எண்ணும் தன்மையைத் தமிழ் வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது: வினாவில். எத்தனை ரூபாய், எவ்வளவு பணம். எத்தனை குடம், எவ்வளவு தண்ணீர். தண்ணீருக்கு எத்தனை வராது என்பது எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் தெரியும். அளவை வகைகளும் பழையவை: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்ற நான்கில் எண்ணல் தனித்து நிற்கிறது. இந்த நான்கையும் வைத்தே அளவாகுபெயரையும் இலக்கணிகள் பிரித்தார்கள். பூக்காரம்மாவிடம் இரண்டு முழம் கொடுங்க என்று கேட்கும்போது அளவு பொருளாகிவிடுகிறது.

அலகுச் சொற்களின் செழிப்பைப் பார்க்கச் சமையல் குறிப்பு ஒன்று போதும். மூன்று பச்சைமிளகாய், நாலு பல் பூண்டு, இரண்டு இணுக்கு கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ஒரு கல் உப்பு. மிளகாய்க்கு அலகு வேண்டாம். பூண்டுக்கு அலகில்லாமலும் எண் சேரும். அப்போது அது முழுப்பூண்டைக் குறிக்கும். மஞ்சள்தூளுக்கு அலகு இல்லாமல் நடக்காது. அதே படிவரிசை, வேறு கருவிகள்.

‘மச்’, ‘மெனி’ எல்லை ஆங்கிலத்தில் கசிவதுபோல் தமிழிலும் கசிகிறது. பேச்சில் எவ்வளவு பேர் வந்தாங்க என்று கேட்பது சாதாரணம். எத்தனை அழகு என்று வியப்பதும் உண்டு. ஆங்கிலத்தில் எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃப்யூவர்’, மற்றவற்றுக்கு ‘லெஸ்’ என்ற விதி 1770இல் ராபர்ட் பேக்கர் தம் விருப்பமாகச் சொன்னதிலிருந்து வலுப்பெற்றது. 9ஆம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் காலத்து உரைநடையிலேயே எண்ணக்கூடியவற்றோடு ‘லெஸ்’ வந்திருக்கிறது. விதி எவ்வளவு தூரம் வேரோடியது என்பதற்குச் சான்று: பிரிட்டனின் டெஸ்கோ பேரங்காடி விரைவுக் கவுன்டர்களில் தொங்கிய ‘10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ பலகை இலக்கணப் பிழை என்று விமர்சிக்கப்பட, 2008இல் அந்நிறுவனம் ‘அப் டு 10 ஐட்டம்ஸ்’ என்று வாசகத்தை மாற்றி, சிக்கலைத் தீர்க்காமல் சுற்றிக்கொண்டு போனது.

ஆகவே ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதும் தமிழ் மாணவர் எண்ணத் தெரியாதவர் அல்லர். அவர் மொழியில் தகவல் எண்ணக்கூடியது. பிரெஞ்சு மாணவரின் மொழியிலும் அப்படியே. தமிழரோ இந்தியரோ மட்டும் செய்யும் பிழையும் இதுவன்று. உலக ஆங்கில வகைகளின் இலக்கணக் கூறுகளைத் தொகுக்கும் ஈவேவ் மின்னணு அட்லஸ், எண்ணும் பெயர் பாகுபாடு பொதுநிலை ஆங்கிலத்திலிருந்து விலகுவதைத் தனிக்கூறாகவே பட்டியலிடுகிறது. தமிழ் சில நேரம் ஆங்கில அலகையே விழுங்கிவிடுகிறது. ‘சாக்’ ஆங்கிலத்தில் எண்ண இயலாதது, ‘பீஸ்’ அதன் அலகு. தமிழ் வகுப்பறையில் சாக்பீஸ் ஒரே சொல். இரண்டு சாக்பீஸ் எடுத்துவா என்றால் கணக்குச் சரியாக இருக்கும்.

9. கற்பித்தலுக்கு இதன் பயன்

இந்தச் சான்றுகள் தேர்வு விதியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ‘ஃபர்னிச்சர்ஸ்’ இன்றைய பொதுநிலை ஆங்கிலத்தில் ஏற்கப்படாத வடிவம். வேலைக்கான விண்ணப்பத்தில் அதை எழுதுகிறவர் விலை கொடுக்க நேரிடும். மாற வேண்டியது விதிக்குச் சொல்லப்படும் காரணம். எண்ண முடியாது என்பதைக் காரணமாகச் சொன்னால், யோசிக்கும் மாணவர் விதியை நம்பமாட்டார். யோசிக்காதவர் நட்சத்திரத்தையும் எண்ண இயலாப் பட்டியலில் சேர்ப்பார்.

மூன்று மாற்றங்கள் நடைமுறையில் சாத்தியமானவை. முதலாவது, தண்ணீர், நாற்காலி போன்ற தெளிவான முனைகளைப் பொருளைக் கொண்டும், ஃபர்னிச்சர், அட்வைஸ் போன்ற இடைப்பட்ட சிறு தொகுதியை வழக்கு என்று வெளிப்படையாகச் சொல்லியும் கற்பிப்பது. அந்த இடைப்பட்ட தொகுதி நீளமானதன்று. பள்ளித் தேர்வுகளில் திரும்பத் திரும்ப வருவன இருபது, முப்பது சொற்களுக்குள் அடங்கிவிடும். இரண்டாவது, சொல்லைத் தனியே மனப்பாடம் செய்யாமல் ‘எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’, ‘எ பார் ஆஃப் சோப்’, ‘எ லோஃப் ஆஃப் பிரெட்’, ‘எ க்ளோவ் ஆஃப் கார்லிக்’ என்று அலகோடு சேர்த்துப் படிப்பது. பல், இணுக்கு, சிட்டிகை என்று அன்றாடம் புழங்கும் மாணவருக்கு இது புதிய சங்கதியே அல்ல. மூன்றாவது, ஹார்ன்பியின் அகராதி செய்ததைப் போல முத்திரையைச் சொல்லுக்கு இடாமல் பொருளுக்கு இடுவது. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ பணி அனுபவமாக இருக்கும்போது ஒன்று, பயணத்தில் நேர்ந்த அனுபவமாக இருக்கும்போது வேறொன்று என்பதை வாக்கியத்தில் வைத்துக் காட்டலாம்.

வினாத்தாள் அமைப்பிலும் இதன் விளைவு தெரியும். ‘காஃபி’, ‘பேப்பர்’, ‘ஹேர்’ ஆகியவற்றைச் சூழலின்றிக் கொடுத்து எண்ணக்கூடியதா இல்லையா எனக் கேட்கும் ஒரு மதிப்பெண் வினாவுக்குச் சரியான விடை கிடையாது. அதே சொற்களை இரண்டிரண்டு வாக்கியங்களில் வைத்து, எதில் ‘எ’ வரும், எதில் வராது, பொருள் எப்படி மாறுகிறது என்று கேட்டால் விடையும் உண்டு, மாணவர் எதைப் புரிந்துகொண்டார் என்பதும் ஆசிரியருக்குத் தெரியவரும்.